ஓங்கல் பார்க்கப் போன வட்டா

நான் பெருமைக்காரிதான். இதை ஊரில் யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. என் தறிச் சத்தத்தைவிட என் வாய்ச் சத்தம்தான் மருதமுனையில் தூரம் கேட்கும் என்று என் புருசன் மீராசாவே சொல்வார். சொல்லட்டும். எனக்கு இரண்டு தறி இருந்தது. சூறாவளி கொண்டுபோன கூரையை நானே வெயிலில் நின்று திரும்பப் போடுவித்த வீடு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே நதீரா இருந்தாள். இவ்வளவும் இருக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு இருக்க எனக்கென்ன விசரா?

எண்பதாம் ஆண்டு நதீராவுக்குப் பேராதனைக் கெம்பஸ் கிடைத்தது. விவசாயம் படிக்க. கடிதம் வந்த அன்று நான் தறியிலிருந்து எழும்பி, முக்காட்டைப் போட்டுக்கொண்டு, தெருவின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரைக்கும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எங்கள் தெருவில் கெம்பஸ் போகும் முதல் பெண்பிள்ளை அவள். மூன்றாம் வீட்டுப் பாத்தும்மா உரலில் மா இடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னகா அஸீஸா, வெள்ளாமை செய்யவும் படிக்கணுமா? எங்கட ஊட்டு மனிசன் படிக்காமத்தானே ரெண்டு போகமும் செய்யிறார்?"

"அதனாலதான் ரெண்டு போகமும் நட்டம்," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

மீராசா என்னைப்போல் இல்லை. நான் நெய்கிற, ஆம்பிளைகள் உடுக்கும் சாரங்களை மூட்டையாகச் சைக்கிளில் கட்டி, சவளக்கடை, நாவிதன்வெளி என்று வயல் ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றுவருகிறவர். விற்கிறவருக்கு வாய் வேண்டும், ஆனால் அவர் சாரத்தை விரித்துக் காட்டிவிட்டுப் பேசாமல் நிற்பார். அன்றும் அப்படித்தான். கதவோரம் நின்று அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன வேணும் மகள்? எதையெண்டாலும் கேளு," என்றார்.

நான் சங்கிலி கேட்பாள் என்று நினைத்தேன். கைக்கடிகாரம் கேட்பாள் என்று நினைத்தேன்.

"திருமலைக்குப் போகணும் வாப்பா. ஓங்கல் பாக்கணும்," என்றாள்.

திருமலை என்றால் திருகோணமலை, அது தெரியும். ஓங்கல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அவள்தான் விளக்கினாள். கடலோரத்தில் நெட்டுக்குத்தாக நிற்கிற உயரமான பாறையாம். எட்டாம் வகுப்பில் பாடமாம். அவள் அதைப் படம் கீறி, அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதி, பத்துக்குப் பத்து எடுத்தாளாம். "ஆனா நான் ஒரு நாளும் காணல்லியே உம்மா. காணாத ஒண்டுக்குப் பத்துக்குப் பத்து எடுத்திரிக்கன்," என்றாள்.

அது உண்மைதான். எங்கள் கரையில் கடல் காலடியில் கிடக்கிறது. கல்முனைக்குப் போனாலும் சாய்ந்தமருதுக்குப் போனாலும் மணல், மணலுக்கு அப்பால் தண்ணீர், அவ்வளவுதான். தென்னையில் ஏறுகிறவர்களைத் தவிரக் கடலை மேலேயிருந்து பார்த்தவர் எங்கள் ஊரில் இல்லை. நான் நாற்பத்திரண்டு வருடம் அந்தக் கடலின் இரைச்சலில் படுத்து எழும்பியவள். அதைக் குனிந்து பார்க்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. என் மகளுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"போவம்," என்றேன். "மூண்டு பேரும் போவம்."

நதீரா புதுச் சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் "பயணம்" என்று எழுதி அடியில் கோடு போட்டாள். கெம்பஸ் தொடங்க இரண்டரை மாதம் இருந்தது. அதற்குள் மூன்று நாள். முதல் நாள் போவது, இரண்டாம் நாள் விடியற்காலை ஓங்கல், மூன்றாம் நாள் திரும்புவது. பஸ்ஸா ரெயிலா என்று எனக்கும் மீராசாவுக்கும் இரண்டு நாள் சண்டை. ஹபறணையால் சுற்றிப் போகிற பஸ்தான் நேர் வழி என்று அவர் நின்றார். நான் பிறந்ததிலிருந்து ரெயில் ஏறாதவள், அதனால் ரெயில்தான் நேர் வழி என்று நான் நின்றேன். மட்டக்களப்பில் ஏறி, கல்லோயாச் சந்தியில் இறங்கி மாறி ஏறுவது என்று முடிவானது. நதீரா கொப்பியில் "ரெயில்" என்று எழுதி, பக்கத்தில் "உம்மா" என்றும் எழுதிவைத்தாள்.

அந்தக் கிழமை வேலப்போடியார் வந்தார். சவளக்கடையில் வயல் செய்கிறவர், மீராசாவிடம் சாரம் வாங்கிப் பழகி வீட்டு மனிதர்போல் ஆகிவிட்டவர். திருகோணமலைக் கோயிலுக்கு நாலைந்து தரம் போய்வந்தவர். நதீரா கொப்பியோடு அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"கோட்டைக்குள்ளால போகணும் மகள். உள்ளுக்கு மான் நிக்கும், பயப்படாத. மேல ஏறி, கோயிலத் தாண்டினா பாறைதான். அங்கயிருந்து ஒரு கல்லப் போட்டியெண்டா அது விழுற சத்தம் உனக்குக் கேக்காது."

"கேக்காதா?"

"கேக்காது. அவ்வளவு ஒசரம். விடியக் காலமயே போயிரு. வெயில் ஏறினா கல்லுச் சுடும்."

அவள் எல்லாவற்றையும் எழுதினாள். போகும்போது போடியார் மீராசாவின் கையில் ஒரு தேங்காயை வைத்து, தன் பேரில் கோயிலில் கொடுத்துவிடச் சொன்னார். அதுவும் கொப்பியில் ஏறியது. தங்குவதற்கும் அவரே ஒரு வழி சொல்லியிருந்தார். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லொட்ஜ் நடத்துகிறாராம். மீராசாவுக்கு அது நல்லதாகப் பட்டது. எனக்குத்தான் கோபம் ஏறிவிட்டது.

"லொட்ஜா? கதியத்த ஆக்கள் தங்குற இடத்தில என்ட மகளக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கப் போறீங்களா? எங்கட குடியில ஆளில்லாத ஊரா அது?"

எங்கள் பக்கத்தில் குடி என்பது உம்மா வழி வருவது. என் உம்மாவின் குடி எனக்கு, என் குடி என் மகளுக்கு. வாப்பாவின் குடி வேறு. என் குடியின் பெயரை இங்கே சொன்னால் அதற்கும் பெருமையடிக்கிறேன் என்பார்கள், விட்டுவிடுகிறேன். பள்ளிவாசல் நிர்வாகத்தில் எங்கள் குடிக்கென்று ஒரு மரைக்கார் இருக்கிறார் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அந்தக் குடியில் காலிதீன் காக்கா என்று ஒருவர் திருகோணமலையில் இருந்தார். என் உம்மாவின் சாச்சி மகள் பெற்ற பிள்ளை, எனக்கு முறைக்குக் காக்கா, அதாவது அண்ணன். இளவயதில் வியாபாரத்துக்குப் போய், அங்கேயே கலியாணம் முடித்து, பெண் வீட்டில் நிலைத்துவிட்டவர். எங்கள் குடியில் அவரைவிட மூத்த ஆம்பிளை இப்போது இல்லை. அவரை மையித்து வீட்டிலும் கலியாண வீட்டிலும் கண்டதுதான். ஆனாலும் காக்கா காக்காதானே.

மீராசா லொட்ஜ் பேச்சை விட்டார். நான் அன்றைக்கே கடிதம் எழுத உட்கார்ந்தேன். நதீரா எழுதித்தருகிறேன் என்றாள். "ஏன், எனக்குக் கையில்லியா?" என்றேன். ஐந்தாம் வகுப்புப் படித்த என் கையெழுத்தும் அழகுதான்.

மேலே 786 போட்டு, சலாம் எழுதி, இப்படி எழுதினேன்: 'காக்கா, என்ட மகள் நதீராவுக்கு வயது இருபது. பெரிய சோதனை பாஸ் பண்ணிவிட்டாள். இந்தத் தெருவில் அவளைப்போல் ஒரு பிள்ளை இல்லை. வாற மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு நானும் மச்சானும் உங்கட வீட்டுக்கு வருகிறோம். வெறுங்கையோடு வரமாட்டோம், எங்கட உம்மாவின் வட்டாவில் பலகாரம் வைத்துக் கொண்டுவருவோம். உங்கட மகன் றஸாக்குக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டுச் சந்தோசம். அவருக்கு என் கையாலேயே ஒரு சாரம் நெய்கிறேன். குடிக்கு மூத்தவர் நீங்கள், ஆகவே உங்களுக்குத்தான் முதலில் அறிவிக்கிறேன்.'

ஓங்கலைப் பற்றி எழுத மறந்துபோனேன். அது சின்ன விசயம், போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

அந்தச் சாரத்தை நெய்ய எனக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. வழமையாக இரண்டு நாள் வேலை. பாவில் ஒரு இழை தளர்ந்தாலும் அவிழ்த்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். கரும்பச்சையில் மெல்லிய வெள்ளைக் கட்டம், கரையில் ஒரு மயிரிழை மஞ்சள். திருகோணமலைக்காரர்கள் அதைத் தொட்டுப் பார்த்து, மருதமுனைச் சாரம் என்றால் இதுதான் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு எண்ணம்தான் என் தலையில் இருந்தது. பிறகு உம்மாவின் வட்டாவை, அந்தக் காலுள்ள பித்தளைத் தட்டத்தை, புளி போட்டு மினுக்கினேன். தொதல் கிண்டினேன். கொக்கிஸ் சுட்டேன். பாத்தும்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "என்னகா, வட்டாவெல்லாம் மினுங்குது. மறைக்காத, சொல்லு," என்று கண்ணைச் சிமிட்டினாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது காலிதீன் காக்காவின் மறுமொழி வந்தது. பகல் சாப்பாட்டு நேரம். நதீராதான் உறையைக் கிழித்து உரத்து வாசித்தாள்.

"'அன்புத் தங்கச்சிக்கு. உன் கடிதம் கண்டு அளவில்லாத சந்தோசம். நீ என் வீட்டைத் தேடி வருவது எனக்குப் பெருமை. உன் மச்சி லைலாவுக்கும் முழுச் சம்மதம். றஸாக்கிடமும் கேட்டாகிவிட்டது, அவனும் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை எங்கட ஆட்கள் நாற்பது பேருக்குச் சோறு போட ஏற்பாடு. மற்ற விசயங்கள், வீடு, நிக்காஹ் நாள் எல்லாம்...'"

அவள் நிறுத்திவிட்டாள். மீதியை அவள் வாசிக்கவில்லை. மீராசாதான் வாங்கி மனதுக்குள் வாசித்துவிட்டு, சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

எங்கள் கரையில் மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வருவதில்லை. பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். பெண்ணின் உம்மா முதலில் தன் காக்கா வீட்டைத்தான் பார்ப்பாள். காக்காவின் மகன் மகளுக்கு மச்சான், உரிமைக்காரன். கையில் பலகார வட்டா, மாப்பிள்ளைக்கென்று ஒரு உடுப்பு. மகளின் வயது சொல்லி, குணம் சொல்லி, குடிக்கு மூத்தவருக்கு முதலில் அறிவித்து, நாள் குறித்து. நான் எழுதின கடிதத்தில் இதில் எது குறைவு? பச்சைப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி நான் மாப்பிள்ளை கேட்டிருந்தேன். அதுவும் பன்னிரண்டு நாள் நெய்த சாரத்தோடு.

"நீ என்ன எழுதினாய்?" என்று மீராசா கேட்டார். நான் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். பேசாத மனிதர் பேசாமல் இருப்பதைப்போல் கொடுமை உலகத்தில் இல்லை.

ஒளிக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோசம். அரசாங்க வேலைக்காரப் பொடியன், சொந்த மருமகன், கேட்டவுடன் சம்மதம். ஊரில் மாப்பிள்ளை தேடி உம்மாமார் எத்தனை படி ஏறி இறங்குகிறார்கள். எனக்கு அது வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வாயும் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"நிக்காஹ்வ வைச்சிட்டு மறுகா படிச்சா என்ன?"

நதீரா என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"உம்மா, கலியாணம் முடிச்சா மாப்பிள்ள எங்க வந்திரிப்பார்? எங்கட ஊட்டிலதானே? நான் பேராதனையில இரிக்க, அவர் இஞ்ச ஆரோட இரிக்கிற? உங்கட தறியோடயா? ஒரு மாசம் பொறுப்பாங்க. மறுகா, பொஞ்சாதியக் கூப்பிடு எண்டுதானே சொல்வாங்க?" அவள் கொப்பியை மூடினாள். "நீங்க கேட்டது எனக்கு ஓங்கலா, மாப்பிள்ளயா?"

எழும்பிப் போய்க் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். "பயணம் வேணாம் உம்மா," என்றாள்.

எனக்கு நெருப்பில் கை வைத்ததுபோல் இருந்தது. இந்த ஊரெல்லாம் அவளைச் சொல்லிப் பெருமையடித்தவள் நான். அவளுடைய படிப்பை என் கையாலேயே, அழகான கையெழுத்தில், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று பின்னேரம் தறியில் இருந்தேன், ஆனால் ஒரு விரற்கடைகூட நெய்யவில்லை.

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு மீராசா மெதுவாகச் சொன்னார். "தந்தி ஒண்டு அடிப்பம். உனக்குச் சுகமில்ல, பயணம் இல்ல எண்டு."

"எனக்கென்ன நோய்? வாய்க்கொழுப்பத் தவிர?"

"அங்க போனா அது முடிஞ்ச காரியம் அஸீஸா. போகாட்டி, கேட்டுப்போட்டு ஏமாத்தினாங்க எண்டு உன்ட குடிக்குள்ளயே கதைப்பாங்க. சுகமில்ல எண்டா ரெண்டுமில்ல."

அவர் சொன்னதில் புத்தி இருந்தது. ஆனால் இன்றைக்குச் சுகமில்லை என்றால் அடுத்த மாதம் சுகம் வரவேண்டும். பொய்யைப் பாவோடு சேர்த்து நெய்தால் சாரம் முழுக்க அது ஓடும். நான் எழும்பினேன்.

"எழுதினவள் நான். நானே போய்ச் சொல்றன். நேர நிண்டு, காக்காட மூஞ்சியப் பாத்துச் சொல்றன்."

"அங்க நாப்பது பேர் இரிப்பாங்க."

"அல்லாஹ் இரிக்கான்," என்றேன். பிறகு அறைக்குள் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். "நதீரா, அந்தக் கொப்பிய வெளியில எடு."

அவள் கதவடியில் வந்து நின்றாள். "போனா என்னைப் பாப்பாங்க உம்மா. மாப்பிள்ள ஊட்டார் பாக்கிற மாதிரிப் பாப்பாங்க."

"பாக்கட்டும். கெம்பஸ் போற புள்ள எப்பிடி இரிக்கும் எண்டு அவங்களும் ஒருக்காக் காணட்டுமே."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அலுமாரித் திறப்புக் கொத்தைத் தேடினாள்.

ரெயிலைப் பற்றி எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றும் நினைவில் இல்லை. மடியில் வட்டாவை வைத்துக்கொண்டு, காக்காவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லி, காடும் குளமும் கல்லோயாச் சந்தியும் போனதே தெரியவில்லை.

காலிதீன் காக்காவின் வீட்டு வாசலில் பந்தல். நெய்ச்சோற்று வாசம் தெருமுனைக்கே வந்தது. முன் மண்டபத்தில் பாய் விரித்து ஆம்பிளைகள் நிறைந்திருந்தார்கள். காக்கா வெள்ளைச் சட்டையோடு ஓடிவந்து மீராசாவைக் கட்டிப்பிடித்தார். றஸாக் தூணோரம் நின்றான். நல்ல உயரமான பொடியன், கண் நிலத்தைவிட்டு எழும்பவில்லை. அவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

லைலா மச்சி எங்களை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். நான் உட்காரவில்லை.

"காக்காவக் கூப்பிடுங்க மச்சி. ஒரு சொல்லுச் சொல்லணும்."

காக்கா வந்தார். நான் வட்டாவை மேசையில் வைத்தேன். ரெயிலில் பாடமாக்கிய பேச்சில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். "காக்கா, நான் மாப்பிள்ள கேட்டு வரல்ல. என்ட புள்ள கேட்டது ஓங்கல் பாக்க. நான் கேட்டது ரெண்டு இரவு தங்க இடம். பெருமையில எழுதின கடிதம், புத்தி வேல செய்யல்ல. பிழை முழுக்க என்னில."

லைலா மச்சியின் முகம் கறுத்துப்போனது. "நாப்பது பேர் வெளியில இரிக்காங்க. என்ட மகன்ட மூஞ்சிய நான் எங்க கொண்டுபோய் வைக்கிற?"

அவர் கேட்டது நியாயம். இருந்தும் சொல்ல வேண்டியது ஒன்று மிச்சமிருந்தது.

"காக்கா, நதீரா உங்கட குடிப் புள்ள. எங்கட குடியில கெம்பஸ் போற முதல் பொம்புளப் புள்ள. இவ ஊட்டுக்குள்ள இருந்தா எனக்கு மட்டும்தான் மகள். படிச்சு வந்தா குடிக்கே மகள். நீங்க மாமன். போ எண்டு சொல்லவும் நில் எண்டு சொல்லவும் உரிமை உங்களுக்குத்தான்."

காக்கா நதீராவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மகள். உனக்கென்ன வேணும்?"

அவள் முக்காட்டைச் சரிசெய்தாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. "நாளைக்கு விடிய ஓங்கல் பாக்கணும் மாமா. மறுகா பேராதனைக்குப் போகணும். றஸாக் மச்சானில எனக்கு ஒரு குறையுமில்ல. ஆனா நான் படிக்கணும்."

காக்கா வட்டாவைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். நாங்கள் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றோம். என் கையை நதீரா இறுக்கிப் பிடித்திருந்தாள், அல்லது நான் அவள் கையை.

"இவ என்ட தங்கச்சி, மருதமுனையால வந்திரிக்கா," என்று காக்கா தொடங்கினார். "அவட மகள் பேராதனைக் கெம்பஸுக்குப் போறா. போறதுக்கு முதல் மாமனுக்குச் சலாம் சொல்லிட்டுப் போக வந்திரிக்கா. அந்தச் சந்தோசத்துக்குத்தான் இந்தச் சோறு."

வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டுவிட்டார். "அப்ப, அந்த வட்டா?"

காக்கா வட்டாவின் துணியை விலக்கினார். தொதலுக்கு மேலே மடித்து வைத்திருந்த சாரத்தை எடுத்து உதறினார். கரும்பச்சையும் வெள்ளைக் கட்டமும் மண்டபம் முழுக்க விரிந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"மாமனுக்கு வந்தது," என்றார். "எப்பிடி, வடிவா இரிக்கா?"

மாப்பிள்ளைக்கு வந்த உடுப்பை மாமன் போட்டுக்கொண்டால் மாப்பிள்ளை கேட்ட கதை அங்கேயே முடிந்தது. கேட்டவளுக்கும் அவமானமில்லை, கேட்கப்பட்டவனுக்கும் அவமானமில்லை. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. என் காக்கா! எங்கள் குடி!

கிண்ணியாவிலிருந்து வந்திருந்த சீனித்தம்பி என்ற வயதான வயற்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கெம்பஸில என்ன படிப்பு?"

"விவசாயம்," என்றார் காக்கா.

"வெள்ளாமைக்கா?" நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குப் பாத்தும்மாவின் ஞாபகம் வந்து கோபம் ஏறியது. ஆனால் கிழவர் சிரிக்கவில்லை. "மகள், திரைக்கு அங்கால நிக்கிறாய்தானே? போன போகம் என்ட மூணு ஏக்கரையும் அறக்கொட்டிப் பூச்சி திண்டுபோட்டுது. என்ன அடிச்சும் சாகுதில்ல. அதுக்கு என்ன செய்யிற?"

ஏதாவது சொல்லடி, சும்மாவாவது சொல்லடி என்று மனதுக்குள் கெஞ்சினேன். நானாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"எனக்கு இன்னும் தெரியா அப்பா," என்றாள் நதீரா, பாட்டனைக் கூப்பிடுகிற முறையில். "நாலு வருசத்தில படிச்சிட்டு வந்து சொல்றன்."

கிழவர் தலையாட்டினார். "தெரியா எண்டு சொல்ற புள்ள படிக்கும். நாலு வருசம் நான் இரிக்கணுமே."

"இன்ஷா அல்லா இரிப்பீங்க."

பிறகு ஐந்தாறு பேர் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற சகன் தட்டு வந்தது, சோறு வந்தது. என்னைச் சாப்பிடச் சொன்ன ஒரு சொல்லைத் தவிர லைலா மச்சி அந்த இரண்டு நாளும் என்னோடு கதைக்கவில்லை. நான் பட வேண்டியது அது. றஸாக்கின் முகத்தில் இருந்தது வருத்தமா ஆறுதலா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த மாதமே அவனுக்கு என்று இன்னொரு சாரம் நெய்து, இம்முறை மீராசாவைக்கொண்டு கடிதம் எழுதுவித்து அனுப்பினேன்.

மறுநாள் விடிய, காலிதீன் காக்காவும் கூட வர, கோட்டைக்குள்ளால் நடந்தோம். போடியார் சொன்னதுபோல் மான்கள் நின்றன. மீராசா தேங்காயைக் கோயில் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அதற்கப்பால் பாறை. காற்று முக்காட்டைப் பிடுங்கியது. நான் ஐந்து முழம் தள்ளியே நின்றுவிட்டேன், எனக்குத் தலை சுற்றும். நதீரா குப்புறப் படுத்து, தலையை மட்டும் நீட்டிக் கீழே பார்த்தாள். ஒரு கல்லை விட்டாள். காது கொடுத்துக் கேட்டாள்.

"கேக்குதா?" என்று கத்தினேன்.

"இல்ல உம்மா!" அவள் திரும்பிப் பார்த்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "நான் கீறின படம் பிழை உம்மா! கடலக் கீழ ஒரு கோடா மட்டும் கீறினன். அது கோடே இல்ல. அடி வரைக்கும் தெரியுது, பச்சை பச்சையா. பத்துக்குப் பத்து போட்ட டீச்சரும் காணல்ல!"

பக்கத்தில் கண்டியிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம் நின்றது. அந்த வீட்டம்மா சிரித்துக்கொண்டு, "யாரு இந்தப் புள்ள?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் காலிதீன் காக்காவின் குரல் வந்துவிட்டது. கரும்பச்சைச் சாரம் காற்றில் படபடக்க, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பாறையே கேட்கிற மாதிரி அவர் தொடங்கினார்.

"என்ட மருமகள்! எங்கட குடிப் புள்ள! பேராதனைக் கெம்பஸ்! இந்தச் சாரத்தப் பாருங்க, இவட உம்மா நெய்தது, இப்பிடி ஒரு கட்டம் இந்தத் திருமலையில இல்ல..."

அவர் நிறுத்தவேயில்லை. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் நின்றேன். மீராசா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் கிட்ட வந்து, "ஏன் புள்ள, உடம்புக்குச் சரியில்லியா?" என்று கேட்டார்.